நீலகிரியின் காலிப் பணியிடங்கள்: மக்கள் பிரதிநிதிகளிடம் யார், எதை, எப்படிக் கேட்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அலுவலகத்தில் ஆள் இல்லை, மருத்துவமனையில் டாக்டர் இல்லை, பள்ளியில் ஆசிரியர் இல்லை என்ற பேச்சு உதகை, குன்னூர், கூடலூர் தொகுதிகளில் எங்கு போனாலும் காதில் விழுகிறது. அந்தப் பேச்சு முடியும் இடமும் ஒன்றுதான்: "ஓட்டு கேட்க வந்தவர்கள் இப்போது எங்கே?" கோபம் நியாயமானது. ஆனால் மாநில அரசின் குறைக்கு நாடாளுமன்ற உறுப்பினரையும், மத்திய அரசின் குறைக்குச் சட்டமன்ற உறுப்பினரையும், இருவருக்கும் தொடர்பில்லாத குறைக்கு வார்டு கவுன்சிலரையும் பிடித்துத் திட்டுவதால் அந்தக் கோபம் வீணாகிறது. மக்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் கீழே உள்ளன.

அரசு யாரையும் வேலையை விட்டு நீக்கவில்லையே, பிறகு ஏன் இதை ஆட்குறைப்பு என்கிறார்கள்?

நிரந்தர அரசுப் பணியாளரை விசாரணையின்றி நீக்கப் பொதுவாக அரசியலமைப்பின் 311ஆவது பிரிவு இடம் தருவதில்லை. 2003 ஜூலை வேலைநிறுத்தத்தின்போது தமிழ்நாட்டில் ஒரே நேரத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பணியாளர்கள் நீக்கப்பட்டு, உச்ச நீதிமன்றம் வரை வழக்கு சென்று, பெரும்பாலோர் மீண்டும் பணியில் சேர்க்கப்பட்டதை இன்றும் பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு அப்படி ஒரு காட்சியை எந்த அரசும் விரும்பியதில்லை.

ஆகவே குறைப்பு வேறு வழிகளில், சத்தமில்லாமல் நடக்கிறது. ஒருவர் ஓய்வு பெறுகிறார். அவர் இடம் நிரப்பப்படுவதில்லை. சில ஆண்டுகள் காலியாகக் கிடந்த பணியிடம் 'தேவையற்றது' என்று அரசிடம் ஒப்படைக்கப்படுகிறது. அந்த வேலை பக்கத்து அலுவலருக்குக் 'கூடுதல் பொறுப்பு' என்று தரப்படுகிறது, அல்லது ஒப்பந்த நிறுவனத்திடம் போகிறது. 2001இல் புதிய நியமனங்களுக்கு விதிக்கப்பட்ட தடை 2006இல்தான் விலகியது. அந்த இடைவெளியில் உண்டான பள்ளத்தைப் பல துறைகள் முழுதாக நிரப்பவே இல்லை. நீக்க ஆணை என்று ஒரு தாள் இருந்திருந்தால் அதைக் கையில் பிடித்துக்கொண்டு போராடலாம். காலி நாற்காலிக்கு அரசாணை எண் கிடையாது என்பதே இதிலுள்ள சிக்கல்.

சமவெளியிலும் காலியிடங்கள் உண்டு. மலையில் மட்டும் ஏன் இவ்வளவு உறைக்கிறது?

சமவெளியில் கிராம நிர்வாக அலுவலர் இல்லையென்றால் சைக்கிளை மிதித்து அடுத்த ஊருக்குப் போய்விடலாம். இங்கே அடுத்த ஊர் என்பது ஒரு பள்ளத்தாக்குக்கு அப்பால் இருக்கிறது. கிண்ணக்கொரைப் பக்கத்திலிருந்து ஒரு சான்றிதழுக்காக மஞ்சூர் வரும் ஒரு பெண்மணியை எண்ணிப் பாருங்கள். காலைப் பேருந்தைப் பிடித்து, அன்றைய இலை பறிப்புக் கூலியை விட்டுவிட்டு அவர் வந்து சேரும்போது, அலுவலகக் கதவில் பசை காய்ந்த ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்கிறது: "கூடுதல் பொறுப்பு: செவ்வாய், வெள்ளி மட்டும்." அன்று புதன்கிழமை. அலுவலர் ஏமாற்றவில்லை, அவர் இன்னொரு கிராமத்தின் அலுவலகத்தில், இதைப்போலவே காத்திருக்கும் இன்னொரு வரிசைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். ஆனாலும் அந்தப் பெண்மணிக்குப் போனது ஒரு நாள் கூலியும் பேருந்துக் கட்டணமும்.

இன்னொரு காரணம், மலைக்கு மாற்றலாகி வருபவர்களில் பலர் வந்த நாளிலிருந்தே கீழே இறங்கும் வழியைத் தேடுவது. குளிர், வாடகை, பிள்ளைகளின் படிப்பு என்று அவர்களுக்கும் காரணங்கள் உண்டு. அரசு தரும் மலைப்படி அவற்றை ஈடுகட்டுவதில்லை. இதில் பொதுமக்கள் கண்ணில் படாதது 'மாற்றுப்பணி' என்ற ஏற்பாடு. ஒருவருடைய பணியிடம் நீலகிரியில் இருக்கும், சம்பளப் பட்டியலும் இங்கேயே இருக்கும், ஆனால் அவர் வேலை செய்வது கோயம்புத்தூரில். கோப்பில் அந்த இடம் நிரப்பப்பட்ட இடம். ஆகவே "காலியிடமே இல்லை" என்று பேரவையில் ஓர் அமைச்சர் சொல்லும் பதில் கணக்குப்படி உண்மையாகவும், கூடலூரில் பூட்டிக்கிடக்கும் அறையைப் பார்ப்பவருக்குப் பொய்யாகவும் இருக்க முடியும்.

எந்தக் குறைக்கு எந்த உறுப்பினரைக் கேட்க வேண்டும்?

வருவாய்த்துறை, அரசு மருத்துவமனைகள், பள்ளிகள், அரசுப் பேருந்து, மின்வாரியம், காவல், வனம் ஆகியவை மாநில அரசைச் சேர்ந்தவை. இவற்றுக்குச் சட்டமன்ற உறுப்பினர். தொலைபேசி, தபால், ரயில், பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஆகியவை மத்திய அரசைச் சேர்ந்தவை. இவற்றுக்கு நாடாளுமன்ற உறுப்பினர். நம் மக்களவைத் தொகுதியில் பவானிசாகர், மேட்டுப்பாளையம், அவிநாசி ஆகிய சமவெளித் தொகுதிகளும் சேர்ந்திருக்கின்றன. ஆறில் மூன்றுதான் மலை என்பதை நாமாக அடிக்கடி நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது.

இந்த வேறுபாட்டை நீலகிரி நிறைய விலை கொடுத்துத்தான் கற்றது. உதகையில் இந்துஸ்தான் ஃபோட்டோ பிலிம்ஸ் 1960இல் தொடங்கப்பட்டது; ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அது சோறு போட்டது. 1996இல் நலிந்த நிறுவனமாக அறிவிக்கப்பட்டு, 2014இல் விருப்ப ஓய்வுத் திட்டத்துடன் மூடுவதற்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் மாநில அரசியல் மேடைகளில் எழுந்த முழக்கங்களுக்குக் கணக்கில்லை. முடிவு எடுக்கும் அதிகாரமோ டெல்லியில் இருந்தது. அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையும் அப்படித்தான்: 2021 அக்டோபர் 1 முதல் அது மியூனிஷன்ஸ் இந்தியா லிமிடெட் என்ற அரசு நிறுவனத்தின் கீழ் சென்றது, அதற்கு எதிரான குரல் நாடாளுமன்றத்தில்தான் எடுபட்டிருக்க முடியும். பி.எஸ்.என்.எல். நிறுவனத்தில் 2020 ஜனவரி இறுதியில் நாடு முழுவதும் 78,000க்கும் மேற்பட்டோர் விருப்ப ஓய்வில் ஒரே நாளில் வெளியேறினார்கள். கேபிள் அறுந்தால் ஒட்ட வருவதற்கு ஆள் இல்லை என்று சட்டமன்ற உறுப்பினரிடம் சொல்வதில் பயனில்லை.

டான்டீ எனப்படும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் இதற்கு நேர் எதிர். 1964ஆம் ஆண்டின் சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களுக்கு வாழ்வு தரத் தொடங்கிய தோட்டங்கள் அவை. 1976இல் கழகமாக ஆயின. தோட்டத்தின் ஒரு பகுதியை வனத்துறைக்குத் திருப்புவது, ஓய்வு பெற்றவர் வீட்டைக் காலி செய்யச் சொல்வது, பணிக்கொடை நிலுவை எல்லாமே மாநில அரசின் முடிவுகள், அதிலும் வனத்துறையின் கீழ் வருபவை. கூடலூர், பந்தலூர்ப் பக்கத்தில் இதற்காக நாடாளுமன்ற உறுப்பினரை மறிப்பதைவிட, வனத்துறைக்குப் பணம் ஒதுக்கப் பேரவையின் ஒப்புதல் கேட்கும் மானியக் கோரிக்கை வரும் நாளில் சட்டமன்ற உறுப்பினர் என்ன பேசினார் என்று கேட்பது பொருத்தமானது.

சட்டமன்ற உறுப்பினர் நினைத்தால் ஒரு செவிலியரை நியமிக்க முடியாதா?

முடியாது. நியமனம் தேர்வாணையம், மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், ஆசிரியர் தேர்வு வாரியம் ஆகியவை வழியாகவே நடக்கும். பணியிடத்தை உருவாக்குவது நிதித்துறை ஒப்புதலுடன் அரசு எடுக்கும் முடிவு. "என் நிதியிலிருந்து ஆள் போடுகிறேன்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய், நாடாளுமன்ற உறுப்பினருடையது 5 கோடி ரூபாய். இரண்டும் கட்டடம், சாலை, கருவி போன்ற நிலையான சொத்துகளுக்கே உரியவை, மாதச் சம்பளத்துக்கு அல்ல. மருத்துவமனைக்குப் புதுக் கட்டடமும் ஸ்கேன் கருவியும் வந்த பிறகும் அதை இயக்கும் ஆள் வராததற்கு இதுவும் ஒரு காரணம். கட்டடத்துக்குக் கல்வெட்டு வைக்கலாம். பணியிடத்துக்கு வைக்க முடியாது.

அப்படியானால் அவரால் என்னதான் முடியும்?

பேச முடியும், கேட்க முடியும், பதிலைப் பதிவு செய்ய வைக்க முடியும். இது சிறிய காரியமாகத் தோன்றலாம். சரியாகச் செய்தால் சிறியதல்ல.

வரவு செலவுத் திட்டத்துக்குப் பின் ஒவ்வொரு துறையின் மானியக் கோரிக்கையும் பேரவையில் விவாதத்துக்கு வரும். அன்று அந்தத் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பு உறுப்பினர்களுக்கு வழங்கப்படுகிறது. அரசு இணையதளத்தில் பொதுமக்களும் அதைப் படிக்கலாம். ஒரு துறையில் எத்தனை பணியிடங்கள், எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு பணம் என்ற விவரங்கள் அதில் கிடைக்கும். வெட்டுத் தீர்மானம் என்பது உண்மையில் பணத்தை வெட்டுவதற்காக அல்ல, குறையைச் சொல்ல ஒரு வாய்ப்பு. வினா–விடை நேரம் இருக்கிறது, கவன ஈர்ப்பு இருக்கிறது. அமைச்சர் அவையில் "நிரப்பப்படும்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், அது நிறைவேறியதா என்று பார்ப்பதற்கென்றே அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று உண்டு.

ஒரு வரம்பையும் சொல்லியாக வேண்டும். 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு, தன் கட்சிக் கொறடாவின் ஆணையை மீறி வாக்களிக்கும் உறுப்பினர் பதவியை இழக்க நேரிடும். ஆகவே ஆளும் கட்சி உறுப்பினர் மானியக் கோரிக்கையை எதிர்த்து வாக்களிப்பார் என்று எதிர்பார்ப்பது வெகுளித்தனம். ஆனால் கேள்வி கேட்பதற்கு எந்தச் சட்டமும் தடை இல்லை. ஐந்தாண்டுகளில் தன் தொகுதியின் காலியிடங்களைப் பற்றி ஒரு கேள்விகூட எழுப்பாத உறுப்பினருக்குக் கட்சித் தாவல் சட்டம் சாக்காகாது.

பேரவை மனுக்கள் குழுவிடம் நாமே மனு கொடுக்கலாமா?

கொடுக்கலாம். குழு மாவட்டங்களுக்கு வரும்போது செய்தித்தாள்களில் அறிவிப்பு வெளியாகும். மனு தமிழில், கையொப்பத்துடன், ஒரே ஒரு பிரச்சினையைப் பற்றியதாக இருக்க வேண்டும். தனிநபர் குறை, வேலைவாய்ப்பு, பட்டா, முதியோர் ஓய்வூதியம், நீதிமன்றத்தில் உள்ள வழக்கு ஆகியவற்றைக் குழு ஏற்பதில்லை. பல மனுக்கள் இங்கேதான் தள்ளுபடியாகின்றன. "எங்கள் ஊர்ப் பெண்ணுக்குச் செவிலியர் வேலை தர வேண்டும்" என்பது ஏற்கப்படாது. "எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவில் செவிலியர் இல்லாததால் பிரசவத்துக்குக் கூடலூர் வரை செல்ல வேண்டியிருக்கிறது" என்பது நீண்ட நாள் பொதுப் பிரச்சினை.

எத்தனை இடம் காலி என்று நமக்கு எப்படித் தெரியும்?

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. வெள்ளைத்தாளில் எழுதி 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பினால் போதும். 30 நாள்களுக்குள் பதில் வர வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை.

கேள்வியை எப்படி அமைப்பது என்பதில்தான் வெற்றி இருக்கிறது. "ஏன் ஆள் போடவில்லை?" என்று கேட்டால், காரணம் கேட்பது தகவல் ஆகாது என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். கேட்க வேண்டியவை இவை: அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை, அவற்றில் நிரப்பப்பட்டவை எத்தனை, நிரப்பப்பட்டவர்களில் மாற்றுப்பணியில் வேறிடத்தில் இருப்பவர் எத்தனை பேர், எந்தத் தேதியிலிருந்து, கடந்த ஐந்து ஆண்டுகளில் ஒப்படைக்கப்பட்ட பணியிடங்கள் எவை, அதற்கான ஆணையின் நகல். மூன்றாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. மலை மாவட்டத்தில் முதலில் கேட்க வேண்டியதே அதுதான்.

பதில் வராவிட்டால், அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு 30 நாள்களுக்குள்ளும், பிறகு மாநிலத் தகவல் ஆணையத்துக்கு 90 நாள்களுக்குள்ளும் மேல்முறையீடு செய்யலாம். ஆணையத்தில் காலதாமதம் ஆகும் என்பது உண்மை. ஆனால் முதல் மேல்முறையீட்டிலேயே பல அலுவலகங்கள் பதிலைக் கொடுத்துவிடுகின்றன.

எங்கள் பள்ளியில் ஆசிரியரை எடுத்துவிட்டார்கள். இது சட்டப்படி சரியா?

பெரும்பாலும் சரிதான், அதனால்தான் கோபம் வருகிறது. கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள், 90 வரை மூவர். ஆண்டுதோறும் ஆகஸ்ட் 1ஆம் தேதி மாணவர் எண்ணிக்கையை வைத்து உபரி ஆசிரியர்களைக் கணக்கிட்டுப் 'பணி நிரவல்' செய்கிறார்கள். 65 பிள்ளைகள் இருந்த பள்ளியில் ஆறு பேர் ஆங்கிலப் பள்ளிக்குப் போனால் ஓர் ஆசிரியர் போய்விடுவார். மீதமிருக்கும் இருவர் ஐந்து வகுப்புகளைப் பார்க்க வேண்டும். அதில் ஒருவர் பயிற்சிக்கோ தேர்தல் பணிக்கோ போனால் ஐந்து வகுப்பும் ஒரே அறையில். அடுத்த ஆண்டு இன்னும் சில பெற்றோர் பிள்ளைகளை மாற்றுவார்கள். ஒவ்வொரு படியும் விதிப்படி நடந்து, கடைசியில் பள்ளி மூடும் நிலைக்கு வருகிறது. மாணவர் யாருமே சேராத பள்ளிகள் சிலவற்றை 2019இல் நூலகமாக மாற்றினார்கள்.

சட்டம் சொல்வது குறைந்தபட்ச எண்ணிக்கை; அதற்கு மேல் ஆசிரியர் போடக் கூடாது என்று அது சொல்லவில்லை. யானை நடமாடும் வழியில் அடுத்த பள்ளிக்கு நடந்து போக முடியாத குடியிருப்புகளுக்கும், ஹட்டிகள் எனப்படும் படுகர் ஊர்களுக்கும், பழங்குடியினர் பகுதிகளுக்கும் தனி அளவுகோல் வேண்டும் என்று கோருவது சலுகை கேட்பது ஆகாது. சட்டமன்ற உறுப்பினரிடம் வைக்க வேண்டிய கோரிக்கை "எங்கள் ஆசிரியரைத் திருப்பித் தாருங்கள்" என்பதைவிட இதுவாக இருந்தால் பல ஊர்களுக்குப் பயன்படும்.

ஒப்பந்த ஊழியரை வைத்தாலும் வேலை நடக்கிறதே, அதில் என்ன குறை?

வேலை நடக்கிறது, ஆள் நிலைப்பதில்லை. 2015இல் போட்டித் தேர்வு எழுதி வந்த செவிலியர்கள் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் நியமிக்கப்பட்டார்கள். அந்தத் தொகையில் உதகையில் வீடு எடுத்துத் தங்க முடியுமா என்பதை வாடகைக்கு வீடு தேடியவர்களிடம் கேளுங்கள். தேர்வு எழுதாமல் ஒப்பந்தத்தில் வந்தவர்கள் நிரந்தரம் கோரி நீதிமன்றம் போனால், கர்நாடக அரசு–உமாதேவி வழக்கில் 2006இல் வந்த தீர்ப்பு குறுக்கே நிற்கிறது: முறையான தேர்வின்றி வந்த தற்காலிகப் பணியாளருக்குத் தானாக நிரந்தர உரிமை வராது. அந்தத் தீர்ப்பைக் கேடயமாக வைத்துக்கொண்டு, பல்லாண்டுகளாக நிரந்தரத் தன்மையுள்ள வேலையை வாங்கிக்கொண்டு கைவிடக் கூடாது என்று 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது.

பணியிடங்களைச் சீரமைக்க 2018இல் அரசாணை 56 வழியாக ஒரு குழு அமைந்தது, எதிர்ப்பு எழுந்தது. ஆட்சி மாறிய பின் 2022 அக்டோபரில் அரசாணை 115 வழியாக இன்னொரு குழு. மீண்டும் எதிர்ப்பு எழ, அதன் ஆய்வு வரம்புகளை அரசு ரத்து செய்தது. இரண்டு ஆட்சிகளும் ஒரே திசையில் நடந்து பார்த்தன என்பதைக் கட்சிக் கொடியுடன் கேள்வி கேட்பவர்கள் கவனிக்க வேண்டும்.

அரசிடம் பணம் இல்லை என்கிறார்களே?

சம்பளம், ஓய்வூதியம், வட்டி ஆகியவை மாநில வருவாயில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கின்றன என்பது உண்மை. அதை மறுத்துப் பேசுபவர் வரவு செலவுத் திட்டத்தைப் படித்தவராக இருக்க மாட்டார். ஆனால் இத்தனை மக்களுக்கு ஓர் அலுவலர் என்ற ஒரே கணக்கைச் சமவெளிக்கும் மலைக்கும் போட்டால், மக்கள் சிதறி வாழும் மலைக்கு எப்போதும் குறைவாகவே வரும். 2011 கணக்கெடுப்பில் நீலகிரியின் மக்கள்தொகை 7,35,394. பல சமவெளி மாவட்டங்களில் இரண்டு மூன்று வட்டங்களின் அளவு. தலைக்கணக்கோடு பயண நேரத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள் என்பதே நம் வாதமாக இருக்க வேண்டும்.

கூடலூரில் மின் இணைப்பு தராததும் ஆள் பற்றாக்குறையால்தானா?

இல்லை. அது 1969ஆம் ஆண்டின் கூடலூர் ஜன்மம் நிலங்கள் ஒழிப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவு தொடர்பான நிலச் சிக்கல் (ஜன்மம் என்பது பரம்பரை நில உரிமை). அலுவலகத்தில் நூறு பேரைக் கூடுதலாகப் போட்டாலும் தீராது. இரண்டையும் ஒரே மனுவில் எழுதினால் இரண்டுமே நிற்காது.

கிராம சபையில் தீர்மானம் போடலாமா?

ஊராட்சிகளில் போடலாம். ஆனால் 2019இல் தேர்வான ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது; நீலகிரி உள்ளிட்ட பல மாவட்டங்களில் நிர்வாகம் தனி அலுவலர்களிடம் சென்றது. மேலும் கேத்தி, அதிகரட்டி, ஓவேலி, தேவர்சோலை போன்ற பகுதிகள் பார்வைக்குக் கிராமங்களாக இருந்தாலும் பேரூராட்சிகள். அங்கே கிராம சபை கிடையாது. நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு 2022 முதல் பகுதி சபை என்ற ஏற்பாடு உண்டு, அதைக் கூட்டச் சொல்லிக் கேட்க வேண்டும்.

அமெரிக்காவில் மக்கள் கூட்டத்தில் எழுந்து உறுப்பினர்களைக் கேள்வி கேட்டார்களே, இங்கே முடியாதா?

2025 தொடக்கத்தில் அங்கே மத்திய அரசுப் பணியாளர்கள் பெருமளவில் வெளியேற்றப்பட்டபோது, உறுப்பினர்கள் தொகுதிகளில் வழக்கமாக நடத்தும் கூட்டங்களில் மக்கள் கடுமையாகக் கேள்வி எழுப்பினார்கள். அதன் பின் குடியரசுக் கட்சித் தலைமை, நேரில் கூட்டம் நடத்துவதைத் தவிர்க்கும்படி தன் உறுப்பினர்களுக்கு அறிவுறுத்தியது. அங்கே கூட்டம் நடத்தும் வழக்கம் இருப்பதால், நடத்தாமல் விட்டதே செய்தியானது. நம் ஊரில் அந்த வழக்கமே இல்லை. திறப்பு விழாவில் மாலை, காதுகுத்தில் மொய், அலுவலகத்தில் மனு வாங்குதல் ஆகிய மூன்றோடு சந்திப்பு முடிகிறது. ஆண்டுக்கு ஒரு முறை, மானியக் கோரிக்கைகளுக்கு முன்பு, ஒவ்வொரு வட்டத்திலும் மேடையில்லாத ஒரு கூட்டம் நடத்தும்படி உறுப்பினரை எழுத்து மூலம் அழைக்கலாம், சட்டம் தேவையில்லை. 2022 ஆகஸ்டில் முதலமைச்சர் எல்லாச் சட்டமன்ற உறுப்பினர்களிடமும் தொகுதியின் பத்து முக்கியக் கோரிக்கைகளைக் கேட்டார். அப்படியொரு பட்டியலை உறுப்பினர் அடுத்த முறை தயாரிக்கும்போது சாலைகளுக்கும் பாலங்களுக்கும் நடுவே ஆள் பற்றாக்குறைக்கு ஓரிடம் கிடைக்க வேண்டுமானால், அந்தக் கூட்டம் முன்கூட்டியே நடந்திருக்க வேண்டும்.

அலுவலகத்தில் இருக்கும் ஊழியரிடம் கேட்டால் பதில் சொல்ல மறுக்கிறாரே?

அவர் சொல்ல முடியாது. 1973ஆம் ஆண்டின் அரசுப் பணியாளர் நடத்தை விதிகள் அரசின் முடிவுகளை வெளியே விமர்சிப்பதைத் தடுக்கின்றன. மூன்று பேர் வேலையைப் பார்ப்பவரைக் கைபேசியில் படம் பிடித்துப் பரப்புவதால், அடுத்த இடமாற்றக் கலந்தாய்வில் அவரும் கீழே இறங்க விண்ணப்பிப்பார். காலியிடம் ஒன்று கூடும்.

எல்லாம் செய்தும் பதில் இல்லை என்றால்?

திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் கொடுத்த மனுவின் ஏற்பு எண், முதலமைச்சர் உதவி மையத்தின் 1100 எண்ணில் பதிவு செய்த புகாரின் எண், தகவல் உரிமைச் சட்டத்தில் கிடைத்த பதில் ஆகிய மூன்றையும் ஒரே கடிதத்தில் தேதியுடன் குறிப்பிட்டு, சட்டமன்ற உறுப்பினருக்குப் விரைவுத் தபாலில், சேர்ந்ததற்கான ஒப்புகையுடன் அனுப்புங்கள். கூடவே, இந்தப் பொருளில் பேரவையில் அவர் எழுப்ப வேண்டிய கேள்வியை அமைச்சரின் பெயருக்கு எழுதியதுபோல் இரண்டு வரியில் எழுதி இணைத்துவிடுங்கள். தயாராக இருக்கும் கேள்வியைப் பல உறுப்பினர்கள் அப்படியே எடுத்துக்கொள்வார்கள். எடுக்காதவர் அடுத்த தேர்தலில் உங்கள் வாசலுக்கு வரும்போது காட்டுவதற்கு அந்த ஒப்புகை இருக்கும்.